இன்னொன்றும் பார்த்துவிடலாம்

என் கணவருக்குக் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிற வேலை. நாள் முழுக்க, வருகிறவர்களை உட்கார வைத்து, மூக்கின்மேல் சட்டத்தை மாட்டி, ஒரு லென்ஸைப் போட்டு, அதை எடுத்துவிட்டு இன்னொன்றைப் போட்டு, "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். அவர்களும் இது என்றோ அது என்றோ பட்டென்று சொல்லிவிடுவார்கள். அதே கேள்வியை அவரிடம் யாராவது கேட்டால்தான் வம்பு. சட்டை எடுக்கப் போனால், கடைக்காரர் கொட்டாவி விட்டு, விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்து, ஷட்டரைப் பாதி இறக்கிய பிறகுதான் இவர் இரண்டு சட்டைகளோடு கல்லாவுக்கு வருவார். இரண்டும் ஒரே நிறத்தில் இருக்கும். அவருடைய அக்கா அவருக்கு வைத்த பெயர் 'யோசனை'. போன் செய்தாலும், "யோசனை இருக்கானா?" என்றுதான் கேட்பார்.

நான் வண்டி ஓட்டுகிறவள். விடியற்காலையில் பேக்கரியில் ரொட்டி ஏற்றிக் கடை கடையாகப் போட்டுவிட்டு வீடு திரும்பினால் என் வேலை முடிந்தது. அதற்கப்புறம் வேன் வாசலில் சும்மாதான் நிற்கும். அவருக்கு ஓட்டத் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நான் சாவியைத் திருப்பாமல் அண்ணியின் பலகைகள் எங்கள் வீட்டைவிட்டு ஒரு அடிகூட நகர்ந்திருக்காது.

அண்ணி என்றால் என் நாத்தனார், அந்த அக்காதான். ஒரு மாணவியர் விடுதியின் சமையலறையில் காலமெல்லாம் வேலை பார்த்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. விடுதியிலேயே ஒரு அறை, ஒரு கட்டில். சமையலறைக்குப் பின்னால் நின்ற பெரிய மரம் ஒரு காற்றில் சாய்ந்து, அதை அறுக்க ஆட்கள் வந்தபோது, கரண்டியும் கையுமாகப் போய் நின்று நான்கு பலகைகளைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அடிமரத்தில் அடுத்தடுத்து அறுத்த பலகைகள். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்றின் ரேகை அடுத்ததில் தொடரும், தண்ணீரில் அலை போகிற மாதிரி. கட்டிலுக்கு அடியில் அவை வருஷக்கணக்கில் காய்ந்தன. ஓய்வு பெற்றதும் தரைத்தளத்தில் இரண்டு அறை வீடு ஒன்றை வாங்கினார். பலகைகளை எங்கள் வீட்டுக்கு அனுப்பி வைத்தார்.

"மேஜை பண்ணிக் குடுடா. ஆறு பேர் உக்கார்ற மாதிரி. கனம் மட்டும் கொறையக் கூடாது, சொல்லிட்டேன். எனக்கு முட்டி ரெண்டும் போச்சு. மேஜையில கைய ஊனித்தான் எந்திரிக்கணும்."

ஒற்றை ஆளுக்கு எதற்கு ஆறு பேர் மேஜை என்று நான் நினைத்தேன். வாய்விட்டுச் சொல்லவில்லை. அந்த மட்டில் என்னைப் பாராட்டலாம்.

எங்கள் கார் ஷெட்டில் கார் கிடையாது. அவருடைய தச்சு மேடை, இழைப்புளி, உளி, ரம்பம் எல்லாம் அங்கேதான். மகள் வேலைக்கு வெளியூர் போனபின் அவர் மாலை முழுக்க அங்கேயே இருந்தார். முக்காலி, புத்தக அலமாரி, செருப்பு அடுக்கு என்று எதையாவது செய்துகொண்டிருப்பார். ஆனால் அண்ணியின் பலகைகள் வேறு ரகம். இரண்டு விரல் கனம், அகலம், இரும்பு மாதிரி கெட்டி, மேலெல்லாம் ரம்பப் பல்லின் வடு. கையால் இழைத்து இரண்டு நாளில் அவருக்குத் தோள்பட்டை பிடித்துக்கொண்டது. மிஷின் வாங்கியே ஆக வேண்டும் என்று ஆயிற்று. எந்த மிஷின் என்பதில் வந்தது வினை.

ஒன்று பிளேனர். பலகையை ஒரு வாயில் விட்டால், உள்ளே சுழலும் கத்திகள் மேல்பக்கத்தை ஒரே கனத்துக்குச் சீவி மறுவாயில் தள்ளும். வேகம் அதிகம், சத்தம் அதைவிட அதிகம். ரேகை நேராக ஓடினால் பிரச்சினை இல்லை. வளைந்து சுழித்தால் அங்கங்கே பிய்த்துவிடும். இன்னொன்று டிரம் சாண்டர். உப்புத்தாள் சுற்றிய உருளை ஒன்று பலகையைத் தேய்த்துத் தேய்த்து அனுப்பும். பிய்க்காது. ஆனால் ஆமை வேகம், மாவு மாதிரி தூசி, மரத்தில் பிசின் இருந்தால் தாளில் அடைத்துக்கொண்டு கறுப்புக் கோடு போடும். அண்ணியின் மரத்தில் சுழியும் இருந்தது, பிசினும் இருந்தது.

வேறு யாராவது நாணயத்தைச் சுண்டிப் போட்டிருப்பார்கள். இவர் ஒரு வாரம் படித்தார், ஒரு வாரம் தலையைச் சொறிந்தார். கடைசியில் மிஷின் கடைக்காரரே போனில் சொன்னார்: "சார், உங்க பலகையக் கொண்டு வாங்க. ஓட்டிப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க."

ஒரு சனிக்கிழமை நான்கையும் வேனில் ஏற்றினோம். ஒரு பலகையை நான் ஒரு முனை, அவர் ஒரு முனை என்று பிடித்துத்தான் தூக்க முடிந்தது. நான்கும் எதற்கு, ஒன்று போதாதா என்று கேட்டேன்.

"ஒண்ண மட்டும் சீவினா மத்த மூணும் கனமா நிக்கும். மேஜை மேடு பள்ளமாயிடும். நாலும் சேந்தே போகணும்" என்றார்.

கடையில் பிளேனர் உறுமியது. காதைப் பொத்திக்கொண்டேன். மறுவாயில் பலகை வந்ததைப் பார்த்து எனக்கே மூச்சு நின்றுவிட்டது. ரம்ப வடுவெல்லாம் போய்த் தேன் நிறத்தில் அலை அலையாக ஒரு மரம் உள்ளே இருந்திருக்கிறது. அவர் கடைக்காரரோடு சேர்ந்து தூக்கி ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், நகத்தால் தடவி, "இங்க பிச்சிருக்கு பாத்தியா" என்றார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அவர் கை எங்கே இருக்கிறது என்பது மட்டும் தெரிந்தது. என் தோள்மேல் இருந்தது. நான் பார்க்க வேண்டும் என்பதற்காக என்னைத் தன் பக்கம் இழுத்து நிறுத்தியிருந்தார்.

திரும்பும் வழியில் டீ குடித்தோம். வண்டியில் வரும்போது அவர் பேசினார். நான் அவரைக் கட்டி இத்தனை வருஷத்தில், வீட்டில் அவர் பேசுவதெல்லாம் "உப்பு எங்க", "தண்ணி வந்துடுச்சா" ரகம்தான். அன்று வீடு வந்து சேரும்வரை வாய் ஓயவில்லை. கத்தி, ரேகை, உருளை, தாள். கடைசியில், "உனக்கு எது பிடிச்சுது?" என்று கேட்டார். என்னைப் பெண் பார்க்க வந்த அன்றுகூட என்னிடம் ஒரு கேள்வி கேட்காத மனிதர்.

"இன்னொண்ணும் பாத்துடலாங்க" என்றேன். அன்றைக்கு அதை மனதாரத்தான் சொன்னேன்.

அடுத்த சனிக்கிழமை, வாத்தியங்கள் செய்கிற ஒருவர் தன்னுடைய பழைய டிரம் சாண்டரை விற்கப் போகிறார் என்று கேள்விப்பட்டுப் போனோம். மாடியில் பட்டறை. ஒவ்வொரு பலகையாகப் படியில் ஏற்றினோம். பலகை வழவழவென்று வந்தது, ஆனால் நடுவில் நீளமாக ஒரு கறுப்புக் கோடு. கோடு போக மறுபடி ஓட்டினார். மற்ற மூன்றையும் அதற்குச் சமமாக ஓட்டினார். அதற்கடுத்த வாரம் கதவு செய்கிற ஒருவரின் தொழிற்கூடம், பெரிய பிளேனர். அவர் பலகையின் இரு முனையிலும் லேசாகக் குழி விழ வைத்துவிட்டார். குழியைச் சரிசெய்ய நான்கையும் இன்னும் கொஞ்சம் சீவ வேண்டியதாயிற்று. அப்புறம் நாய்கள் வளர்க்கிற ஓர் அம்மா வீடு, அவருடைய மகன் விட்டுப்போன சாண்டர். அப்புறம் முதல் கடைக்கே மறுபடி, புது மாடல் வந்திருக்கிறது என்று.

போகிற இடத்திலெல்லாம் எங்களை உட்கார வைத்துப் பேசினார்கள். பிளேனர்காரர்கள் சாண்டரைத் திட்டினார்கள், சாண்டர்காரர்கள் பிளேனரை. இவர் இரண்டு பேருக்கும் தலையாட்டினார். நான் கொஞ்சம் நல்ல புடவையாகக் கட்ட ஆரம்பித்தேன். ரொட்டி வேனில் மரத்தூள் வாசனை வந்தது. பேக்கரிக்காரர் முகத்தைச் சுளித்தார், நான் கண்டுகொள்ளவில்லை.

சனிக்கிழமை மதியம் ஆனால் அண்ணியின் போன் வந்துவிடும். மிஷின் சத்தத்தில் பாதி நாள் காதில் விழாது. விழுந்தாலும் நான் எடுக்க மாட்டேன். மேஜையைப் பற்றித்தான் நச்சரிக்கப் போகிறார் என்று ஒரு சலிப்பு. ராத்திரி நானே கூப்பிட்டு, "ஆகிட்டே இருக்கு அண்ணி" என்று இரண்டு வார்த்தையில் முடித்துவிடுவேன்.

வீட்டுக்கு வந்ததும் அவர் கனம் அளக்கும் வெர்னியரை எடுத்து நான்கையும் அளப்பார். நான்கும் சமமா என்பதுதான் அவருக்குக் கவலை. சமமாக இருந்தால் முகம் மலர்ந்துவிடும். எவ்வளவு மிச்சம் என்று அவர் பார்க்கவே இல்லை. கண் பரிசோதிக்கிறவர் கண்ணில் இது படவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். முடியளவு வித்தியாசத்தைத் தேடிக்கொண்டிருந்தவருக்கு மொத்தமும் கரைந்துகொண்டிருந்தது தெரியவில்லை.

எனக்குத் தெரிந்தது. ஒரு சனிக்கிழமை அவர் வீட்டுக்குள் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். நேரமாகிறதே என்று நானே ஒரு பலகையைத் தூக்கினேன். ஒற்றை ஆளாக. தூக்கிய பிறகுதான் உறைத்தது. இன்னொன்றையும் எடுத்துப் பார்த்தேன். இரண்டையும் இரண்டு கக்கத்திலும் இடுக்கிக்கொண்டு நடந்து போய் வேனில் வைத்தேன். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். "என்னங்க, போதும், இதுக்கு மேல தாங்காது" என்று ஒரு வாக்கியம். அவர் வந்து முன் இருக்கையில் உட்கார்ந்து, "இன்னிக்கு அந்தப் பக்கம் ஒரு ஏரி வருமாமே, திரும்பும்போது பாத்துட்டு வரலாமா?" என்றார். நான் வண்டியைக் கிளப்பினேன்.

இதைவிட மோசமானது ஒன்று இருக்கிறது. அதே நாள், அந்த ஏரிக்குப் பக்கத்துக் கடையில், அவர் முடிவெடுத்தார். என் கணவர், யோசனை, தானாக முடிவெடுத்தார். "பிளேனர்தான். இது போதும். பில் போடுங்க" என்றார். கடைப்பையன் பேனாவைத் தேட உள்ளே போனான். எனக்கு அடுத்த சனிக்கிழமை கண்முன் வந்தது. அவர் ஷெட்டில் இருப்பார், மிஷின் உறுமும், நான் உள்ளே துணி மடித்துக்கொண்டிருப்பேன். பலகையின் ஓரத்தைத் தடவினேன். என் விரலில் சின்னதாக ஏதோ நெருடியது.

"இங்க லேசா பிச்சிருக்கே" என்றேன்.

அவர் பலகையை வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு கடைக்காரரிடம், "மன்னிச்சுக்கோங்க, இன்னொரு எடத்துல பாத்துட்டு வந்துடறேன்" என்றார். நாங்கள் ஏரிக்கரையில் உட்கார்ந்து கடலை தின்றோம். அன்றைக்கு நான் சந்தோஷமாக இருந்தேன் என்று சொல்வதற்குக் கூசுகிறது. ஆனால் இருந்தேன்.

அதன்பின் இன்னும் சில வாரங்கள் போனோம். இடையில் அவர் மேஜைக் கால்களையும் சட்டத்தையும் கையாலேயே செய்து முடித்திருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஒட்டாமல் சும்மா வைத்துப் பார்க்கலாம் என்று நான்கு பலகைகளையும் சட்டத்தின்மேல் அடுக்கினார். ரேகை ஒரு கோடி முதல் மறுகோடி வரை தடங்கல் இல்லாமல் ஓடியது. அழகென்றால் அப்படி ஒரு அழகு. அவர் அதன்மேல் இரண்டு கைகளையும் ஊன்றி அழுத்தினார். பலகை எங்கள் பேக்கரித் தட்டு மாதிரி வளைந்து கொடுத்தது.

கையை எடுத்தார். மறுபடி அழுத்தினார். வெர்னியரை எடுத்து முதல்முறையாக, எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தார். பிறகு கவிழ்த்துப் போட்ட வாளியின்மேல் உட்கார்ந்துவிட்டார்.

"விரல் கனம்கூட இல்ல" என்றார். "எல்லாம் தூளாப் போயிடுச்சு. எத்தனை பேர் வீட்டுக் குப்பைத்தொட்டியில அக்காவோட மேஜை கெடக்குதோ."

எந்த மிஷினையும் வாங்காமலே பலகைகள் கண்ணாடி மாதிரி முடிந்திருந்தன. வேறொரு நாளாக இருந்தால் இதைச் சொல்லி அவரைக் கேலி செய்திருப்பேன்.

"அடியில பிளைவுட் ஒட்டி, சுத்தி ஓரத்துல கனமா சட்டம் வச்சுட்டா வெளிய தெரியாதுங்க" என்றேன். என் புத்தி அப்படித்தான் போனது.

"வெயில்லயும் மழையிலயும் மரம் விரிஞ்சு சுருங்கும். பிளைவுட் விடாது. ரெண்டு வருஷத்துல வெடிச்சுடும். அக்கா மொத்த பாரத்தையும் போட்டு எந்திரிக்கிறவ." தலையைக் குனிந்துகொண்டார். "சொல்லிடறேன். என்னாலதான ஆச்சு."

என்னாலதான என்று அவர் சொன்னபோது நான் பக்கத்தில்தான் நின்றேன். என் வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது? ஒன்றும் இல்லை.

போனில் இவர் "நேர்ல வந்து பாருக்கா" என்று மட்டும் சொல்ல, அன்று மாலையே அண்ணி ஆட்டோ பிடித்து வந்தார். ஷெட்டுக்குள் வந்து, பலகைகளைப் பார்த்து, முதலில் முகமெல்லாம் சிரிப்பு. பிறகு ஒன்றைக் கையில் எடுத்தார். விடுதியில் ஐம்பது பேருக்குச் சாதம் வடித்த கைக்கு எடை தெரியாமல் போகுமா? சிரிப்பு நின்றது. தம்பியைப் பார்த்தார்.

"என் தப்புக்கா. ஒவ்வொரு மிஷினா ஓட்டிப் பாத்தேன். முடிவு பண்ணத் தெரியாம விட்டுட்டேன்" என்றார் இவர்.

அண்ணி வாளியின்மேல் உட்கார்ந்துகொண்டு ஆரம்பித்தார். "சின்ன வயசுல பென்சில் சீவச் சொன்னா, கூர் சரியில்ல கூர் சரியில்லன்னு சீவிச் சீவி, கடைசியில கட்டைவிரல் நீளத்துக்குக் கொண்டாந்து குடுப்பான். தலை நரைச்சும் அதே புத்தி. கண் டாக்டர் மாதிரி கோட்டு வேற போட்டுக்கறான். உங்கிட்ட கண்ணு காட்டிக்க வர்றவனுக்குத்தான் முதல்ல கண்ணு தெரியல. நான் அந்தக் கட்டிலுக்கடியில கரையான் வந்துருச்சான்னு மாசாமாசம் குனிஞ்சு பாப்பேன்டா. குனிய முடியாத முட்டியோட. எதுக்குக் குடுத்தேன் உங்கிட்ட?"

இவர் எல்லாவற்றுக்கும் ஆமாம் என்கிற மாதிரி நின்றார். அண்ணி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். எனக்கும் விழப்போகிறது என்று தயாரானேன்.

"நீ பாவம்மா" என்றார். "காலையில ரொட்டி போட்டுட்டு வந்து, ஓய்ஞ்சு படுக்க வேண்டிய நேரத்துல, இவனையும் பலகையையும் ஏத்திக்கிட்டு வாராவாரம் அலைஞ்சிருக்க. வேற ஒருத்தியா இருந்தா முடியாதுன்னு சாவியத் தூக்கிப் போட்டிருப்பா."

என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கை என் கையைப் பிடித்திருக்கும்போது என்னால் அதற்குமேல் மறைக்க முடியவில்லை.

"அண்ணி, அவர் முடிவு பண்ணிட்டார். பில் போடச் சொல்லிட்டார். நான்தான் கெடுத்தேன்."

"என்னது?"

"பலகை சன்னமாகுதுன்னு எனக்குத் தெரியும். ஒருத்தியாத் தூக்கினேன், அன்னிக்கே தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சுதான் இன்னொண்ணு பாக்கலாம் இன்னொண்ணு பாக்கலாம்னு இழுத்தேன்."

இவர் நிமிர்ந்து பார்த்தார். அவருக்கு இது புதுச் செய்தி. அக்காவிடம் திரும்பி, "இல்லக்கா, அந்த ஓரம் நிஜமாவே பிச்சிருந்துச்சு. நானும் பாத்தேன்" என்றார்.

"இல்லீங்க. அது ஒண்ணுமே இல்ல. உங்க கண்ணுல படாதது என் கண்ணுலயா படும்?"

"எதுக்கு இழுத்த?" என்றார் அண்ணி. கையை இன்னும் விடவில்லை.

"போயிட்டே இருக்கணும்னு" என்றேன். வேறு காரணம் தேடினேன், கிடைக்கவில்லை. "வண்டியில அவர் பேசினார் அண்ணி."

அண்ணி திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை. அவர், "எங்கெல்லாம் போனீங்க?" என்று கேட்டார்.

சொன்னேன். மாடிப் பட்டறையையும், அந்த மனிதர் எங்களுக்கு வாசித்துக் காட்டியதையும், கதவுக்காரரையும், இவர் மடியில் ஏறி உட்கார்ந்த நாயையும், ஏரியையும். தலைகுனிந்துதான் ஆரம்பித்தேன். நாய் வரும்போது என் குரல் என்னையும் மீறிக் குதித்தது, எனக்கே கேட்டது. நடுவில் இவரும் இரண்டு வார்த்தை சேர்த்தார். அண்ணி பலகையைத் தடவியபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஹாஸ்டல்ல சனிக்கிழமைன்னா ஒரே கூத்தா இருக்கும்" என்றார். "பொண்ணுங்க அடுப்படியிலயே வந்து உக்காந்துக்கும். இப்ப அந்த மத்தியானம்தான் நகரவே மாட்டேங்குது. அதான் போன் போடுவேன். மேஜையக் கேக்கறதுக்கு இல்ல."

எழுந்திருக்கப் பார்த்தார். இவர் ஓடிப்போய்த் தோளைக் கொடுத்தார். நின்றுகொண்டு, முட்டியை ஒரு கையால் நீவிவிட்டு, என்னைப் பார்த்துச் சொன்னார்:

"பலகை போனாப் போகுது. ஒரே ஒரு வாரம் என்னையும் ஏத்திக்கிட்டுப் போயிருக்கலாமேம்மா."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. எங்கள் வேனில் முன் இருக்கை மூன்று பேருக்கானது. நடு இடத்தில் நாங்கள் வாராவாரம் பிஸ்கட் பையையும் தண்ணீர் பாட்டிலையும் வைத்துக்கொண்டு போனோம்.